பட்டன் போனிலிருந்து ஸ்மார்ட் போனுக்கு: முதல் போனைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

வீட்டிற்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. இன்டர்நெட் இணைப்பும் கிடைத்துவிட்டது. இமெயில் அனுப்பவும், மின் கட்டணம் செலுத்தவும், ரயில் டிக்கெட் எடுக்கவும் பழகிவிட்டீர்கள். ஆனால் சட்டைப் பையில் இருப்பது மட்டும் பத்து ஆண்டுகளாக அதே பட்டன் போன். கம்ப்யூட்டரிலேயே வாட்ஸ்அப் பார்க்கலாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் திறந்தால், "உங்கள் போனில் ஸ்கேன் செய்யவும்" என்று ஒரு கட்டம் போட்ட சதுரம் வந்து நிற்கிறது. சரி, நாமும் ஒரு ஸ்மார்ட் போன் வாங்கிவிடலாம் என்ற எண்ணம் அப்போதுதான் வருகிறது.

எங்கள் தெருவில் வசிக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவருக்கும் அப்படித்தான் வந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் ஒரே பட்டன் போனை வைத்திருந்தவர். பெங்களூரில் இருக்கும் பேரனை வீடியோவில் பார்க்க வேண்டும் என்பதற்காக, தள்ளுபடி விலையில் ஒரு ஸ்மார்ட் போன் வாங்கினார். எட்டு மாதத்தில் அது திணற ஆரம்பித்தது. போட்டோ எடுத்தால் "இடம் இல்லை" என்றது. பேரன் அழைத்தால் படம் உறைந்து நின்றது. போனை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தவர், "நான்தான் எதையோ தப்பா அழுத்திட்டேன் போல தம்பி. இதெல்லாம் என் வயசுக்குச் சரிப்படாது" என்றார்.

போனை வாங்கிப் பார்த்தேன். 2 ஜிபி ராம், 32 ஜிபி ஸ்டோரேஜ், பல ஆண்டுகளுக்கு முந்தைய ஆண்ட்ராய்ட். அவர் எதையும் தப்பாக அழுத்தவில்லை. வாங்கிய அன்றே அது பழைய போன். புதிதாகப் பழகுபவர்கள் போனின் குறையைத் தங்கள் குறையாக எண்ணி ஒதுங்கிவிடுகிறார்கள். போன பணத்தைக்கூடச் சம்பாதித்துக்கொள்ளலாம். போன தைரியம் திரும்பி வருவது கடினம். எனவே முதல் ஸ்மார்ட் போனை வாங்கும் முன் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உங்களுக்குத் தேவைதானா?

முதலில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். பட்டன் போன் ஒன்றும் மட்டமான சாதனம் அல்ல. 2003ஆம் ஆண்டு வெளியான நோக்கியா 1100 உலகம் முழுவதும் 25 கோடிக்கும் மேல் விற்றது. அதன் எடை வெறும் 86 கிராம். டார்ச் உண்டு, ஒருமுறை சார்ஜ் செய்தால் பல நாட்கள் தாங்கும். இன்றைய பட்டன் போன்களும் அப்படியே. பேசலாம், எஸ்எம்எஸ் அனுப்பலாம், வங்கியிலிருந்து வரும் ஓடிபி எண்ணைப் படித்துக் கம்ப்யூட்டரில் டைப் செய்யலாம். இன்டர்நெட் இல்லாத போன்களிலும் பணம் அனுப்ப உதவும் யுபிஐ 123பே என்ற வசதியை ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் அறிமுகப்படுத்தியது. இவை போதும் என்றால் நீங்கள் அவசரப்படத் தேவையில்லை.

வீடியோ அழைப்பு, வாட்ஸ்அப், வழி காட்டும் மேப், ஆவணங்களைப் படம் பிடித்து அனுப்புதல், தமிழில் பேசியே டைப் செய்தல் போன்றவை வேண்டும் என்றால்தான் ஸ்மார்ட் போன் தேவை. ஒரு தாளை எடுத்து, புதிய போனில் நீங்கள் செய்ய விரும்பும் நான்கு வேலைகளை எழுதிக்கொள்ளுங்கள். கடைக்குப் போகும்போது அந்தத் தாள் கையில் இருக்கட்டும். விற்பனையாளர் எந்த வசதியைப் புகழ்ந்தாலும், அது இந்த நான்கில் வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஸ்மார்ட் போனும் ஒரு கம்ப்யூட்டர்தான்

கம்ப்யூட்டர் வாங்கியபோது பிராசசர், ராம், ஹார்ட் டிஸ்க், ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்றெல்லாம் கற்றுக்கொண்டீர்கள் அல்லவா? ஸ்மார்ட் போனிலும் அவையேதான். ஹார்ட் டிஸ்க் இருக்கும் இடத்தில் "ஸ்டோரேஜ்" என்ற நினைவகச் சிப் இருக்கிறது. விண்டோஸ் இருக்கும் இடத்தில் ஆண்ட்ராய்ட் அல்லது ஐஓஎஸ் இருக்கிறது. கம்ப்யூட்டரில் புரோகிராம் என்று சொல்வதை இங்கே ஆப் என்கிறோம்.

ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோன் 2007இல் வந்தது. ஆண்ட்ராய்டில் இயங்கும் முதல் போன் 2008இல் வந்தது. இன்று கடையில் நீங்கள் பார்க்கும் ஸ்மார்ட் போன்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த இரண்டில் ஒன்றுதான். ஐபோனில் இயங்குவது ஐஓஎஸ். பிற நிறுவனங்களின் போன்களில் இயங்குவது ஆண்ட்ராய்ட். ஐபோன் விலை அதிகம். எனவே முதல் போனாகப் பெரும்பாலோர் ஆண்ட்ராய்டையே வாங்குகின்றனர். உங்கள் பிள்ளைகள் எதைப் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் பாருங்கள். சந்தேகம் வந்தால் போனிலேயே சொல்லித்தர, அவர்கள் கையிலும் அதே வகை இருப்பது பெரிய உதவி.

முதல் கேள்வி: எத்தனை ஆண்டுகளுக்கு அப்டேட்?

கடையில் எல்லோரும் கேமராவைப் பற்றிக் கேட்பார்கள். நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, "இந்தப் போனுக்கு இன்னும் எத்தனை ஆண்டுகள் அப்டேட் வரும்?" என்பதைத்தான்.

இதன் பொருள் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் உங்களுக்கு எளிதில் புரியும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14இல் நிறுத்தியது. அன்று எந்தக் கம்ப்யூட்டரும் நின்றுவிடவில்லை. ஆனால் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் இலவச அப்டேட் வழக்கம்போல் வருவது நின்றது. போனிலும் இதேதான் நடக்கும். போன் உடையாது, பேட்டரியும் நன்றாக இருக்கும். ஆனால் ஆப்கள் ஒவ்வொன்றாக "உங்கள் போனில் இயங்காது" என்று சொல்லத் தொடங்கும்.

முன்பு நடந்ததைப் பாருங்கள். நோக்கியாவின் சிம்பியன் போன்களில் வாட்ஸ்அப் 2017இல் நின்றது. விண்டோஸ் போன்களில் 2019 இறுதியோடு நின்றது. பிளாக்பெர்ரியின் பழைய போன்களுக்கான சேவைகளை அந்த நிறுவனம் 2022 ஜனவரி 4இல் முடித்துக்கொண்டபோது, அவற்றில் அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும்கூட ஒழுங்காக இயங்கும் என்று உறுதி சொல்ல முடியாது என அறிவித்தது. ஒரு காலத்தில் இவற்றில் பல விலை உயர்ந்த போன்கள்.

ஆண்ட்ராய்டின் பதிப்பு எண்ணை வைத்துப் போனின் வயதைக் கணக்கிடலாம். ஆண்ட்ராய்ட் 13 வந்தது 2022இல். 14 வந்தது 2023இல். 15 வந்தது 2024இல். 16 வந்தது 2025இல். கடையில் காட்டும் போனில் 13 இருந்தால், அது எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் பழைய சரக்கு என்று தெரிந்துகொள்ளலாம்.

இதைப் பார்ப்பது எளிது. போனில் செட்டிங்ஸ் சென்று, கடைசியில் இருக்கும் அபவுட் போன் என்பதைத் தொடுங்கள். ஆண்ட்ராய்ட் பதிப்பு அங்கே இருக்கும். கடைசியாக எந்த மாதம் பாதுகாப்பு அப்டேட் வந்தது என்ற தேதியையும் அங்கேயோ, செக்யூரிட்டி பிரிவிலோ காணலாம். அந்தத் தேதி ஓர் ஆண்டுக்கு முந்தையதாக இருந்தால் வேறு போனைப் பாருங்கள்.

சில நிறுவனங்கள் இப்போது ஆண்டுக் கணக்கை வெளிப்படையாக அறிவிக்கின்றன. 2023இல் வெளியான கூகுள் பிக்சல் 8, 2024இல் வெளியான சாம்சங் கேலக்ஸி எஸ்24 ஆகியவற்றுக்கு ஏழு ஆண்டுகள் என்று அறிவித்தார்கள். இவை விலை அதிகமானவை. ஆனால் 2024இல் வந்த கேலக்ஸி ஏ16 5ஜி என்ற நடுத்தரப் போனுக்கும் ஆறு ஆண்டுகள் என்று சாம்சங் அறிவித்தது. 2018இல் வந்த ஐபோன் எக்ஸ்எஸ், 2024இல் வெளியான ஐஓஎஸ் 18 வரை பெற்றது. ஒன்றை மறக்க வேண்டாம். இந்த ஆண்டுகள் நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல, அந்த மாடல் வெளியான நாளிலிருந்தே எண்ணப்படும். நான்கு ஆண்டு அப்டேட் உள்ள மாடலை, அது வெளியாகி மூன்று ஆண்டுகள் கழித்துத் தள்ளுபடியில் வாங்கினால் உங்களுக்கு மிஞ்சுவது ஒரே ஆண்டுதான்.

ராம், ஸ்டோரேஜ்: எவ்வளவு வேண்டும்?

ஆசிரியரின் போன் திணறியதற்கு இதுவே காரணம். பெட்டியில் 32 ஜிபி என்று போட்டிருந்தாலும், ஆண்ட்ராய்டும் அதனுடன் வரும் ஆப்களும் அதில் பெரும் பகுதியை எடுத்துக்கொள்ளும். மீதி இடத்தை வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கப் படங்களும் வீடியோக்களும் சில மாதங்களில் நிரப்பிவிடும்.

இன்று வாங்கும் போனில் ஸ்டோரேஜ் 128 ஜிபி இருக்கட்டும். 64 ஜிபிக்குக் கீழே வேண்டவே வேண்டாம். ராம் 6 ஜிபி இருந்தால் நல்லது. 4 ஜிபி குறைந்தபட்சம். மெமரி கார்டு போட்டுக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொல்வார். கார்டில் போட்டோ, பாட்டு, வீடியோ ஆகியவற்றை வைக்கலாம். ஆப்கள் பெரும்பாலும் போனின் சொந்த ஸ்டோரேஜில்தான் உட்காரும். எனவே கார்டை நம்பிக் குறைந்த ஸ்டோரேஜ் வாங்காதீர்கள்.

இன்னொரு விளம்பரத்திலும் கவனமாக இருங்கள். பெட்டியில் "8 ஜிபி ராம்" என்று பெரிதாகப் போட்டு, கீழே சிறிய எழுத்தில் "4 + 4" என்று இருக்கும். இதில் உண்மையான ராம் 4 ஜிபி மட்டுமே. மற்ற 4 ஜிபி, ஸ்டோரேஜில் ஒரு பகுதியை ராம் போலப் பயன்படுத்துவது. அது உண்மையான ராம் அளவுக்கு வேகமாக இயங்காது. "அசல் ராம் எவ்வளவு?" என்று கேட்டு வாங்குங்கள்.

திரையும் எடையும்

பட்டன் போனை ஒரு கையில் பிடித்து, பார்க்காமலேயே எண்களை அழுத்திப் பழகிய கை உங்களுடையது. ஸ்மார்ட் போன்கள் இன்று பெரும்பாலும் ஆறரை அங்குலத் திரையுடன், 200 கிராம் எடையை ஒட்டி வருகின்றன. நோக்கியா 1100 போல இரண்டு மடங்குக்கும் மேல். எனவே போனைக் கையில் வாங்கி இரண்டு நிமிடம் காதில் வைத்துப் பாருங்கள். சட்டைப் பையில் போட்டுக் குனிந்து பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

பிறகு செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பிரிவுக்குச் சென்று எழுத்தின் அளவைப் பெரிதாக்கச் சொல்லுங்கள். கண்ணாடி போடாமல் ஓர் எஸ்எம்எஸ்ஸைப் படிக்க முடிகிறதா? கடை வாசலுக்கு வந்து வெயிலில் பாருங்கள், திரை தெரிகிறதா? இவை இரண்டும் தெரிந்தால் போதும். திரையின் மற்றக் கணக்குகளை விட்டுவிடலாம். ஒரு கவரும், திரையின் மேல் ஒட்டும் டெம்பர்டு கிளாஸும் அன்றே போட்டுக்கொள்ளுங்கள். பட்டன் போன் கீழே விழுந்தால் பேட்டரி தனியே, மூடி தனியே போகும். எடுத்து மாட்டினால் வேலை செய்யும். இது அப்படி அல்ல.

பேட்டரி, சார்ஜர்

இன்று சாதாரண விலைப் போன்களிலும் 5,000 எம்ஏஎச் பேட்டரி கிடைக்கிறது. பழைய போனின் பேட்டரியைப் போல ஐந்து மடங்கு. ஆனாலும் ஒரு நாள் அல்லது ஒன்றரை நாள்தான் தாங்கும். பெரிய திரையும் இன்டர்நெட்டும் அவ்வளவு மின்சாரத்தை எடுத்துக்கொள்கின்றன. வாரம் ஒருமுறை சார்ஜ் செய்து பழகியவர்கள் "பேட்டரி கெட்டுவிட்டது" என்று நினைத்துவிட வேண்டாம். இரவு படுக்கும் முன் சார்ஜ் போடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

பெட்டிக்குள் சார்ஜர் இருக்கிறதா என்று கேளுங்கள். பல போன்கள் இப்போது வெறும் கேபிளோடு வருகின்றன. உங்கள் பழைய போனின் மெல்லிய பின் சார்ஜர் இதற்குப் பொருந்தாது. டைப் சி என்ற வகை தேவைப்படும்.

4ஜியா, 5ஜியா?

இந்தியாவில் 5ஜி சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது. வீடியோ அழைப்புக்கும் வாட்ஸ்அப்புக்கும் 4ஜி தாராளமாகப் போதும். ஆனால் நான்கைந்து ஆண்டுகள் வைத்திருக்கப்போகும் போன் என்பதால், விலை வித்தியாசம் குறைவாக இருந்தால் 5ஜி வாங்குவது நல்லது. அதைவிட முக்கியம், உங்கள் வீட்டிற்குள் எந்த நிறுவனத்தின் சிக்னல் நன்றாக வருகிறது என்பது. பக்கத்து வீட்டுக்காரரிடம் கேளுங்கள். போனில் என்ன இருந்தாலும் சிக்னல் இல்லாவிட்டால் பயன் இல்லை. பிஎஸ்என்எல் வைத்திருப்பவர்கள், அந்தப் போன் பேண்ட் 28 எனப்படும் 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை ஏற்குமா என்றும் கேட்டுக்கொள்ளவும்.

கேமரா: மெகாபிக்சலில் மயங்க வேண்டாம்

50 மெகாபிக்சல், 108 மெகாபிக்சல் என்ற எண்களை வைத்துப் படத்தின் தரத்தைச் சொல்ல முடியாது. பின்புறம் மூன்று கேமரா இருந்தாலும் அவற்றில் ஒன்றுதான் உண்மையில் உழைக்கும். ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். கடையின் விசிட்டிங் கார்டைப் படம் எடுத்து, விரலால் பெரிதாக்கி, சிறிய எழுத்துகளைப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். பாஸ்புக் பக்கத்தையோ மருந்துச் சீட்டையோ படம் பிடித்து மகனுக்கு அனுப்ப இது போதும்.

தமிழில் டைப் செய்யலாமா?

தாராளமாக. ஆண்ட்ராய்டில் கூகுளின் ஜிபோர்டு கீபோர்டில் தமிழைச் சேர்த்துக்கொள்ளலாம். "அம்மா" என்பதை ஆங்கில எழுத்துகளில் அடித்தாலும் தமிழில் வரும். மைக் படத்தைத் தொட்டுவிட்டுப் பேசினாலும் தமிழில் வரும். முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005லேயே கைபேசியில் தமிழைக் கொண்டுவந்தது. ஐபோனில் தமிழ்99 கீபோர்டு உடன் வருகிறது. கம்ப்யூட்டரில் தமிழ்99 பழகியவர்களுக்கு இது மிக வசதி. போனின் மெனுக்களையும் தமிழுக்கு மாற்றலாம். ஆனால் உங்களுக்கு உதவி செய்பவர் ஆங்கில மெனுவில் பழகியவர் என்றால், முதல் சில மாதங்கள் ஆங்கிலத்திலேயே இருப்பது சொல்லிக்கொடுக்க எளிது.

கடையில் பணம் கொடுக்கும் முன்

விலையைப் பொறுத்தவரை, மேலே சொன்ன அளவுகளுள்ள போன்களைப் பெரும்பாலும் 10,000 முதல் 15,000 ரூபாய் வரையிலான வரிசையில் தேடிப் பார்க்கலாம். விலை மாதந்தோறும் மாறும் என்பதால், கடைக்குப் போகும் முன் உங்கள் கம்ப்யூட்டரிலேயே இரண்டு மூன்று தளங்களில் ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு கீழ்க்கண்டவற்றைச் செய்திடுங்கள்.

1. பெட்டியின் சீலை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். பெட்டியின் மேல் தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்கும். அதைப் படியுங்கள்.

2. போனில் *#06# அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். பெட்டியிலும் பில்லிலும் அதே எண் இருக்க வேண்டும்.

3. கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை டைப் செய்து, இடம் விட்டு, அந்த 15 இலக்க எண்ணைச் சேர்த்து 14422 என்ற எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். அந்த ஐஎம்இஐ எண்ணுக்குரிய போன் விவரம் பதிலாக வரும். பழைய போன் வாங்குபவர்கள் இதை அவசியம் செய்ய வேண்டும். திருட்டுப் போன் என்று முடக்கப்பட்டிருந்தால் அதுவும் தெரிந்துவிடும்.

4. *#07# அழுத்தினால் போனின் கதிர்வீச்சு அளவு தெரியும். இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு கிலோவுக்கு 1.6 வாட்.

5. தவணையில் வாங்கினால் வட்டி இல்லை என்று சொன்னாலும், செயல்முறைக் கட்டணம் என்று ஏதாவது உண்டா என்று கேட்டு, மொத்தம் எவ்வளவு செலுத்த வேண்டும் என்பதை எழுதி வாங்குங்கள்.

6. பழைய போன் என்றால், முன்பு வைத்திருந்தவர் தன் கூகுள் கணக்கை நீக்கியிருக்கிறாரா என்று பாருங்கள். நீக்காமல் ரீசெட் செய்த போன், அவருடைய பாஸ்வேர்டைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளும்.

வீட்டிற்கு வந்ததும்: சிம்மை உடனே மாற்ற வேண்டாம்

பலரும் செய்யும் தவறு, கடையிலேயே சிம்மை எடுத்துப் புதிய போனில் போட்டுக்கொண்டு வருவது. வீடு வந்து சேர்வதற்குள் அழைப்பு வரும். எப்படி எடுப்பது என்று தெரியாது. பட்டன் போனில் பச்சையை அழுத்தினோம். இதில் பல போன்களில் பச்சை வட்டத்தை விரலால் தள்ள வேண்டும்.

எனவே ஒரு வாரம் பழைய போனே ஓடட்டும். வீட்டில் கம்ப்யூட்டருக்காக வைத்திருக்கும் வைபை இணைப்பில் புதிய போனை இணைத்துப் பழகுங்கள். படம் எடுங்கள், யூ டியூப் பாருங்கள், மேப்பில் உங்கள் தெருவைத் தேடுங்கள், தமிழில் டைப் செய்யுங்கள். அவசர அழைப்பு எதுவும் இதில் வரப்போவதில்லை என்பதால் பயமில்லாமல் தொடலாம்.

அந்த வாரத்தில் இன்னொரு வேலையையும் முடித்துவிடுங்கள். உங்கள் பழைய போனில் உள்ள பெயர்களும் எண்களும் இரண்டு இடங்களில் இருக்கலாம். சில சிம்மிலும், சில போனின் மெமரியிலும் இருக்கும். சிம்மை மட்டும் மாற்றினால் போன் மெமரியில் உள்ளவை வராது. சிம்மில் பொதுவாக 250 எண்கள் வரைதான் சேமிக்க முடியும். கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எளிய வழி உண்டு. காண்டாக்ட்ஸ் டாட் கூகுள் டாட் காம் என்ற தளத்தை உங்கள் கம்ப்யூட்டரில் திறந்து, ஜிமெயில் கணக்கில் நுழைந்து, பெரிய கீபோர்டில் நிதானமாகப் பெயர்களை டைப் செய்திடுங்கள். அதே ஜிமெயில் கணக்கைப் புதிய போனில் கொடுத்தால் எல்லாப் பெயர்களும் தானாக வந்து நிற்கும். நாளை போன் தொலைந்தாலும் எண்கள் தொலையாது.

பிறகு சிம். பழைய சிம் பெரிய அளவில் இருந்தால், கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள். சேவை மையத்தில் அதே எண்ணுக்கு நானோ சிம் கேளுங்கள். சிம் மாற்றினால் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் இயங்காது. மோசடியைத் தடுக்க வைத்திருக்கும் விதி அது. ஓடிபி தேவைப்படாத நாளாகப் பார்த்து மாற்றுங்கள்.

சிம்மைப் போட்டதும் வீட்டில் ஒருவரை அழைக்கச் சொல்லி, எடுப்பதையும் வைப்பதையும் பத்து முறை பழகுங்கள். திரைக்குப் பூட்டுப் போடுங்கள். வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ் சென்று, படங்களும் வீடியோக்களும் தானாக டவுன்லோட் ஆவதை நிறுத்திவிடுங்கள். மாதம் ஒருமுறை போனை யுஎஸ்பி கேபிளில் கம்ப்யூட்டருடன் இணைத்து, படங்களைக் காப்பி செய்து வையுங்கள். வைபை இல்லாத இடத்தில் வீடியோ பார்த்தால் டேட்டா வேகமாகக் கரையும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பணம் அனுப்புவது கடைசிப் பாடம்

இவ்வளவு நாள் உங்கள் எண் வெறும் தொலைபேசி எண். யுபிஐ ஆப் போட்ட நொடியிலிருந்து அது வங்கிக் கணக்கின் சாவி. எனவே போன் நன்றாகப் பழகும் வரை, குறைந்தது ஒரு மாதம், அதைத் தள்ளிப் போடுங்கள். முடிந்தால் ஓய்வூதியமோ சேமிப்போ இருக்கும் கணக்கை இணைக்காமல், சிறிய தொகை வைத்த இன்னொரு கணக்கை இணைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று விதிகளைத் தாளில் எழுதிக் கவருக்குள் வையுங்கள். ஒன்று, பணம் பெறுவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை. கேட்டால் அது பணத்தை எடுப்பதற்குத்தான். இரண்டு, எந்த ஆப்பையும் பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் போடுங்கள். அபராதச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, வங்கிப் புதுப்பிப்பு என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே பைலைத் தொடவே வேண்டாம். மூன்று, பணம் போய்விட்டது தெரிந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு.

போன் தொலைந்தால், போலீசில் புகார் கொடுத்துவிட்டு, மத்திய அரசின் சஞ்சார் சாதி தளத்தில் ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்து அந்தப் போனை முடக்கலாம். பில்லைப் பத்திரமாக வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

பழைய போனைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மாதம் ஒருமுறை சார்ஜ் செய்து மேஜை அறையில் வைத்திருங்கள். புதிய போன் பழுதாகும் நாளில் கை கொடுக்கும்.

எங்கள் ஆசிரியர் என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? பழையதைக் கொடுத்துவிட்டு, 6 ஜிபி ராம், 128 ஜிபி ஸ்டோரேஜ், அப்போதைய புதிய ஆண்ட்ராய்ட் உள்ள ஒரு போனை வாங்கினார். முதல் போனைவிட நான்காயிரம் ரூபாய்தான் அதிகம். இப்போது தினமும் மாலை பேரனுக்கு வீடியோவில் திருக்குறள் சொல்லித் தருகிறார். சென்ற வாரம் வழியில் பார்த்தபோது, "பக்கத்து வீட்டம்மாவும் போன் வாங்கணும்ங்கறாங்க தம்பி. நானே கடைக்குக் கூட்டிட்டுப் போறேன். முதல்ல ஆண்ட்ராய்ட் நம்பரைத்தானே பாக்கணும்?" என்றார்.

ஆம். முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.